எழுபத்து மூன்று வரை

மாலை நான்கு பத்துக்கு எங்கள் லேக் கார்டன்ஸ் குடியிருப்பின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. போன வாரம்தான். நான் இன்னும் படியேறித்தான் வீட்டுக்குப் போகிறேன்.

உள்ளே நானும், பள்ளியிலிருந்து அழைத்து வந்த மகள் பவியும். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. பவிக்கு இழுப்பு உண்டு, பயந்தால் வந்துவிடும். இன்ஹேலர் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். அன்று ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. கதவை அடித்துக் கத்தினேன்.

"நீங்க கத்தாதீங்கப்பா. எனக்கு இன்னும் பயமா இருக்கு." மூச்சில் மெல்லிய விசில்.

கிரீஸ் வாடை அடித்தது. என் மூக்குக்கு அந்த வாடை என்றால் நான் வளர்ந்த வங்காள ஊர் சாந்த்ராகாச்சிதான். என் அப்பாவுக்கு ரயில்வே வேலை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலேயே யார்டு. நானும் பக்கத்து வீட்டுப் பையன் பாபியும் சரக்குப் பெட்டிகளின் எண்களை வகுத்து வகுத்துக் காரணிகளாக உடைப்போம். ஃபுட்பாலுக்கு எங்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. ஒருநாள் ஓர் எண் உடைந்துகொண்டே வந்து 10001-இல் நின்றது. நூறு வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஐம்பத்து மூன்றிலேயே அலுத்துவிட்டது. இது உடையாது என்று சத்தியம் செய்து, பந்தயம் வைத்த இலந்தை ஊறுகாயை வாங்கித் தின்றேன். எழுபத்து மூன்றால் உடையும் என்று கல்லூரியில்தான் தெரிந்தது. அதற்குள் பாபி வீட்டார் மாற்றலாகிப் போய்விட்டார்கள். அந்த குவார்ட்டர்ஸையும் இடித்தாயிற்று. தோல்வியை ஒப்புக்கொள்ளக்கூட ஆளில்லை.

மொபைல் வெளிச்சத்தில் லிஃப்டின் தகடு தெரிந்தது. இயந்திர எண் 58315831.

"பவி, நோட்டை எடு. இதை உடை பாப்போம். சத்தமா சொல்லு."

"செவன்ல போகுது!" மூன்று தடவை ஏழு, ஒரு தடவை பதினேழு. மீந்தது 10001. நாலு இலக்கத்தை இரண்டு முறை எழுதினால் உள்ளே அதுதான் ஒளிந்திருக்கும், எனக்கு உறைக்கவில்லை.

எழுபத்து மூன்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வகுக்கும் வரை அவள் கவனம் மூச்சுக்குப் போகாது.

"நைன்டீன், போகல. ட்வென்ட்டி த்ரீ, போகல."

இடையிடையே விசில். ஒவ்வொரு "போகல"வுக்கும் நான் ஒரு மூச்சு விட்டேன்.

"செவென்ட்டி ஒன், போகல. செவென்ட்டி த்ரீ..."

குரல் நின்றது.

வெளிச்சத்தை அவள் முகத்துக்குத் திருப்பினேன். பவி நோட்டில் 137 என்று எழுதி அதற்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேலே கதவு பிளந்தது. கேர்டேக்கர் நிதாய் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. என்னை அவர் பார்க்கவே இல்லை. பவியிடம் வங்காள மொழியில் கேட்டார்:

"உன் நம்பர் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதாம்மா கதவ நெம்பிட்டிருந்தேன். செவென்ட்டி த்ரீயோட ஏன் நிறுத்தின? என் உசுரே போயிடுச்சு."