டிப்பு மாற்ற வந்த குச்சி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் பிழைப்பு அப்படி. பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் என் பட்டறை. மூன்று பக்கச் சுவரிலும் அலமாரி, அலமாரி நிறைய வெள்ளை மாவு அச்சுகள். மேல் தாடை, கீழ்த் தாடை, பல் போன ஈறு. புதிதாக வருகிறவர்கள், "இதுங்களோட தனியா எப்படிங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்பார்கள். "இத்தனை வாய் இருந்தும் ஒண்ணுகூடப் பேசாது. இந்த நிம்மதி வீட்ல கிடைக்குமா?" என்பேன்.

இன்னொரு கைவேலையும் எனக்குத் தெரியும். மேசையில் பந்தடித்து ஆடுகிற பில்லியர்ட்ஸ் குச்சிக்கு டிப்பு மாற்றுவது. குச்சியின் நுனியில் தோலில் செய்த சின்னப் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கும். பந்தைத் தொடுவது அதுதான். தேய்ந்து போனால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். என் தம்பிக்குப் பில்லியர்ட்ஸ் என்றால் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம். அவனுக்காகக் கற்றுக்கொண்டேன். பிறகு அவனுடைய கிளப்பில் இருந்து எல்லாரும் என்னிடமே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

இந்த வேலையில் நான் ரொம்பக் கறார். குச்சியை மடியில் வைத்து வெட்டவே மாட்டேன். துணி சுற்றி, மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் இறுக்கிவிடுவேன். டிப்புக்குக் கீழே இருக்கிற வெள்ளை வளையத்துக்குப் பேப்பர் டேப். கண்ணுக்குக் கண்ணாடி. பிளேடு எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும். கைதானே எனக்குச் சோறு போடுகிறது. அதில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

தம்பிக்கும் எனக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான்தான். அவன் முதலில் பேசிய வார்த்தையே 'அம்மா' இல்லை, 'க்கா'. இதைச் சொல்லிச் சொல்லியே என்னிடம் எதையும் சாதித்துக்கொள்வான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அவனுக்குப் பெரிய போட்டியில் கடைசி ஆட்டம். சாயங்காலம் நான்கு மணி வாக்கில் துணிப்பையில் சுற்றிய ஒரு குச்சியோடு வந்து நின்றான்.

"யாருதுடா இது?"

"நம்மளுதுதான்க்கா. புதுசா கிடைச்சுது."

புதுசு இல்லை. ஆனால் அப்படி ஒரு குச்சியை நான் பார்த்ததில்லை. கறுத்த மரம். கைபட்டுக் கைபட்டு மெருகேறி, தூக்கினால் கனமே தெரியவில்லை. டிப்பு மட்டும் கல் மாதிரி இறுகி ஓரத்தில் பிளந்திருந்தது.

"இருந்து வாங்கிட்டுப் போ. ஒரு மணி நேர வேலை."

"இல்லக்கா. கிளப்புக்குப் போறேன். நீ முடி." வாசலில் நின்று திரும்பினான். "ஆரம்பிச்சா பாதியில விட்டுராத, சரியா?"

போட்டிப் பதற்றம் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

குச்சியை வைஸில் இறுக்கினேன். டேப் சுற்றினேன். பிளேடை வைத்து மெதுவாக அசைத்து அசைத்து வெட்டினேன். டிப்பு கழன்று வந்தது.

அடியில் பழைய பசை இருக்கும், பழுப்பாகத் தூள் தூளாக உதிரும். இதில் அப்படி இல்லை. ஈரமாக இருந்தது. கருஞ்சிவப்பு. இரும்பு வாசனை.

உப்புத்தாளால் தேய்த்தேன். வெள்ளையாகிவிட்டது. புது டிப்பை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால்... மறுபடி ஈரம்.

மரத்தில் ஏதோ எண்ணெய் ஊறியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி தேய்த்தேன். துடைத்தேன். ஒரு சொட்டுப் பசை வைத்துப் புது டிப்பை அழுத்தினேன்.

அப்போதுதான் முதல் தடவை கேட்டது.

டொக்.

மருந்துக் கடையில் ஏதோ பெட்டி இறக்குகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

டொக்... டொக்.

கீழே இருந்து இல்லை. என் மேசைக்கு அடியில் இருந்து. குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தேன். பிளேடு கண்ணில் பட்டது. நான் வேலை முடிந்ததும் பிளேடின் கூரான பக்கத்தைச் சுவரைப் பார்க்கத்தான் வைப்பேன். அது பல வருஷப் பழக்கம். இப்போது அது என்னைப் பார்த்திருந்தது.

திருப்பி வைத்தேன்.

போன் அடித்தது. தம்பி.

"எங்க வரைக்கும் வந்தக்கா?"

"டிப்பு ஒட்டியாச்சு. காயணும். அப்புறம் ஓரம் சீவணும். ஏன்டா?"

"கையில ஒண்ணும் படலையே?"

"எனக்கு என்னிக்குடா பட்டுச்சு?"

"சரி. எழுந்து வந்துராத." வைத்துவிட்டான்.

ஒரு விஷயம் உறுத்தியது. அவன் குரல் போனில் மட்டும் கேட்கவில்லை. கதவுப் பக்கமிருந்தும் கேட்ட மாதிரி இருந்தது. படிக்கட்டு எதிரொலி என்று அதையும் ஒதுக்கினேன்.

மணி ஐந்தே முக்கால். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கைப் போட எழுந்தேன். போட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அச்சுகளை நான் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் அடுக்குவேன். பின்பக்கம்தான் டாக்டர் பெயர் எழுதியிருக்கும், எடுக்கச் சுலபம்.

எல்லாம் திரும்பியிருந்தன.

அத்தனை வாயும் என் மேசையைப் பார்த்து... திறந்திருந்தது.

கிளம்பிவிட வேண்டும் என்று தோன்றியது. பையை எடுத்தேன். தோளில் மாட்டினேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை.

மறுபடி நினைவு வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். முதுகு சுவரில். குச்சி வைஸில் இல்லை. என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருந்தது. நுனி என் முகத்துக்கு நேராக.

வலது கையில் பிளேடு.

டிப்பின் மேல் வைத்து, என்னை நோக்கிக் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வழுக்கினால் நேராகத் தொடைதான்.

நான் அப்படி வெட்டவே மாட்டேன். யார் சொன்னாலும் வெட்ட மாட்டேன்.

கையை நிறுத்தப் பார்த்தேன்.

நிற்கவில்லை.

என் கைமேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. ஐஸ் மாதிரி. அதன் கட்டை விரலில் இருந்த தழும்புகூட என் தோலில் உறைத்தது.

"விடு..." என்றேன். விடவில்லை.

டொக்.

என் முழங்காலுக்கு நடுவில் இருந்த குச்சியின் அடிப்பக்கம்தான் தரையில் இடித்தது. நான் இடிக்கவில்லை.

டொக்... டொக்...

பிளேடு ஓர் அங்குலம் இறங்கியது.

எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. காலால் உதைத்தேன். குச்சி உருண்டது. பிளேடு தெறித்துப் போனது. ஓடிப் போய்க் கதவைப் பிடித்து இழுத்தேன்.

திறக்கவில்லை.

கத்தினேன். தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன்.

கதவுக்கு அந்தப் பக்கம்... யாரோ மூச்சு விட்டார்கள்.

நிஜமாகவே கேட்டது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிற சத்தம். கதவு மரத்தோடு ஒட்டினாற்போல.

என் முதுகுக்குப் பின்னால் சர்ர்... சர்ர்... என்று உப்புத்தாள் தேய்க்கிற சத்தம்.

திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரமோ.

சத்தம் நின்றது.

கதவு திறந்துகொண்டது.

படியில் உருளாத குறையாக இறங்கினேன். கடைசிப் படியில் தம்பி நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பையில் பஞ்சு, கட்டுப் போடுகிற துணி, காயத்துக்குப் போடுகிற மருந்து எல்லாம் இருந்தன. நான் வளர்த்த பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

"முடிஞ்சுதாக்கா?" என்றான்.

"மேல போகாதடா."

போனான். குச்சியோடு வந்தான். டிப்பைக் காட்டினான். ஓரம் சீவி, தலை உருட்டி, பக்கவாட்டில் ஈரத்துணியால் தேய்த்துப் பளபளவென்று மெருகு ஏற்றியிருந்தது. நான் ஒட்டியதோடு சரி. மீதி எதையும் நான் செய்யவில்லை.

மறுநாள் அவன் ஜெயித்தான். கிளப்பே தூக்கிக் கொண்டாடியது.

பத்து நாள் கழித்து, வேறொருவர் கொடுத்திருந்த குச்சியைத் திருப்பித் தரக் கிளப்புக்குப் போனேன். பில்லியர்ட்ஸ் மேசைகளுக்குத் துணி மாற்றுகிறவர் ஒரு மேசையில் பச்சைத் துணியை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வயசானவர், எனக்குப் பார்த்த பழக்கம்தான். என்னைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். என் கையையே பார்த்தார்.

"கையில ஒண்ணும் ஆகலையாம்மா?"

"ஏன், என்ன ஆகணும்?"

அவர் உட்கார்ந்துகொண்டார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

அந்தக் குச்சி ஒரு பழைய ஆட்டக்காரருடையது. கிளப் மாடியில் தனியாக உட்கார்ந்து டிப்பு மாற்றியிருக்கிறார். குச்சியை முழங்காலுக்கு நடுவில் வைத்து, பிளேடைத் தன் பக்கம் இழுத்து. வழுக்கித் தொடையில் இறங்கிவிட்டது. பெரிய ரத்தக் குழாய். எழுந்திருக்க முடியவில்லை. குச்சியின் அடியால் தரையை இடித்து இடித்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"கீழ நாங்க ஏழெட்டுப் பேர் இருந்தோம்மா. சத்தம் கேட்டுச்சு. பந்து அடிச்சுப் பழகுறான்னு நினைச்சு, யாருமே மேல போகல."

கையில் இருந்த குச்சியை மேசைமேல் வைத்தேன்.

"அதுக்கப்புறம் யார் கைக்கு அந்தக் குச்சி போனாலும், முதல் டிப்பை மாத்துறவங்க ரத்தத்தைத்தான் குறிவைக்கும். ஒருத்தருக்கு ரெண்டு விரல் போச்சு. டிப்பு வேலை முடிஞ்சதும் சாதுவாயிடும். சொந்தக்காரனுக்கு ஜெயிச்சுக் குடுக்கும். ஆனா, டிப்பைப் பாதியில விட்டா சொந்தக்காரனையே தேடி வரும். எல்லாத்தையும் உன் தம்பிகிட்டச் சொல்லித்தான்மா குடுத்தேன். வேண்டாம்னுதான் சொன்னேன். 'சரி, யாருடா மாத்துவா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"'வீட்ல அக்கா இருக்கா'ன்னான்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் போய் நின்றேன்.

"கதவுக்கு வெளித் தாழ் போட்டது நீதானே?"

கை தட்டிலேயே நின்றது.

"...ஆமாக்கா."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுக்கிட்டா நின்ன?"

அவன் அழ ஆரம்பித்தான். சின்ன வயசில் அழுகிற மாதிரியே, உதடு பிதுங்க. முன்பெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு எல்லாம் மறந்துபோகும். அன்றைக்கு ஒன்றும் மறக்கவில்லை.

"திறக்கத்தான்க்கா தாழ்ல கை வெச்சேன். சத்தியமா. நீதான் வேண்டாம்னு சொன்ன."

"நானா?"

"கதவுகிட்ட வந்து சொன்னியே. மெதுவா. 'இன்னும் முடியல பட்டு, திறக்காத'ன்னு. உன் குரல்தான்க்கா."

நான் சொல்லவில்லை. தாங்கமாட்டாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவள் நான்.

அவன் சொன்னது பொய்யா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். குச்சியோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 'பட்டு' என்பது அவன் தொட்டிலில் கிடந்தபோது நான் கூப்பிட்ட பெயர். யாருக்கும் கேட்காமல், காதோடு காதாக மட்டும் கூப்பிடுவேன். நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.