மொட்டைச்சிக்கு லிப்ஸ்டிக்

ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் புருஷன் அவளுக்கு வைத்த பெயர் உடும்பு. கொஞ்சினாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். ஊருக்கு அவள் பார்லரக்கா. புருவம் திருத்துவாள், முடி வெட்டுவாள், கல்யாணப் பெண்களை அலங்கரிப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "உனக்குக் கை நடுங்குது, இது சரிப்படாது" என்று திருப்பி அனுப்பினார்கள். விட்டாளா? தூங்கிக்கொண்டிருந்த புருஷன் முகத்திலேயே பழகினாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அந்த மனுஷன் ஒருநாள் ஒற்றைக் கண்ணில் மையோடு வேலைக்குப் போய், ஏழு மாடிக்காரர்களும் சிரித்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தான். அன்றைக்கு அவன் கத்திய கத்தலுக்கு அவள் சொன்ன ஒரே பதில், "கோடு நேரா வந்திருக்கு பாருங்க!"

அப்பேர்ப்பட்டவளிடம் போய், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, ஒரு கோழியைச் சட்டிக்குக் கேட்டார்.

கொல்லையில் ஆறு கோழிகள். சைக்கிளில் வந்தவனிடம் குஞ்சுகளாகக் கலந்துகட்டி வாங்கியவை. எது எந்த ஜாதி என்று வாங்கியவளுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. முட்டையிடத் தொடங்கியதும் கொல்லையே அமர்க்களப்பட்டது. வெள்ளச்சி வெள்ளை முட்டை போட்டாள், சரி. கறுப்பி சாக்லேட் நிறத்தில் போட்டாள். ஒருநாள் கோலிக்குண்டு அளவில் ஒன்று கிடந்தது. இன்னொரு நாள் ஓடே இல்லாமல், தோல் பை மாதிரி கையில் கொழகொழவென்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் வெளிர் நீலத்தில் ஒரு முட்டை வந்தது. கைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு.

நீல முட்டை ராணியுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சாம்பல் நிறம், நிமிர்ந்த நடை. பெயர் வைத்ததே வீட்டுக்கார அம்மாதான். பெட்டியில் உட்கார்ந்து எழுந்தாளானால் தெருமுனை வரை கேட்கும்படி கொக்கரிப்பாள். எட்டிப் பார்த்தால் நீல முட்டை இருக்கும். அது நேரே மாடிக்குப் போகும். கொல்லையில் கோழி வளர்க்க இடம் கொடுத்ததற்கு அந்த முட்டைதான் மரியாதை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த அம்மா அதைக் காட்டாத நாளில்லை.

மொட்டைச்சி கதை வேறு. பிறவியிலேயே கழுத்தில் இறகு கிடையாது. சிவந்த வெறுங்கழுத்தை நீட்டிக்கொண்டு, வாயே திறக்காமல், சுவரோரம் போய்விட்டு வருவாள். செவலையும் புள்ளியும் போடும் வெளிர் பழுப்பு முட்டைகளில் ஒன்றிரண்டு இவளுடையதாக இருக்கும் என்று பார்லரக்கா நம்பினாள். ஆனால் பழுப்பு முட்டை ஒரே நாளில் மூன்று வந்ததே இல்லை.

அதைத்தான் வீட்டுக்கார அம்மா பிடித்துக்கொண்டார். புதன்கிழமை படியிறங்கி வந்தார். "ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுல இருந்து வர்றாங்க. அந்த மொட்டையைக் குடுத்துடு. தின்னு தின்னு தண்டமா நிக்குது."

"அம்மா, அது நான் வளர்த்த உசுரும்மா. குஞ்சா இருக்கறப்ப தண்ணித் தொட்டில விழுந்து வெறச்சுப்போச்சு. ட்ரையர் போட்டுக் காயவெச்சுத் தூக்கி விட்டேன்."

"முட்டை போடாத கோழி இங்க எதுக்கு? தர முடியலன்னா ஆறையும் வேற எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு. இடம் என்னோடது."

பார்லரக்காவுக்கு முகம் ஜிவுஜிவுவென்று ஏறியது. "அவ போடுறாம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டுறேன். காட்டலன்னா நானே பிடிச்சுத் தரேன்" என்று சொல்லிவிட்டாள்.

எப்படிக் காட்டுவது? வேலைக்கு லீவு போட்டுக் கோழிக்குப் பின்னால் அலைய முடியுமா? மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது. பெண் தண்ணீர் குடித்த டம்ளர் விளிம்பில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று எப்போதும் பார்ப்பது அவள் வழக்கம். முட்டை வருகிற வாசலில் பூசிவிட்டால்? ஓட்டில் கோடு விழாதா?

சாயங்காலம் புருஷன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க, அவள் வாலைத் தூக்கிப் பூசினாள். ஆளுக்கொரு நிறம். வீட்டுக்கார அம்மாவும் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என் ராணிக்கு நல்ல சிவப்பா பூசு!" மொட்டைச்சிக்கு ஆரஞ்சு.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு உனக்குக்கூட இவ்வளவு அலங்காரம் இல்ல" என்றான் புருஷன்.

"வாயை மூடிட்டு இறக்கையை இறுக்கிப் பிடிங்க."

வெள்ளிக்கிழமை நாலு முட்டை. நீலம் வரவில்லை. வந்த நாலிலும் ஒரு கோடு, ஒரு பொட்டு கிடையாது. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். உட்கார்ந்து யோசித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பூசியது கல்யாணப் பெண்களுக்கு என்றே வைத்திருக்கும் ஒசத்திச் சரக்கு. அழுதாலும் அழியாது, டம்ளரிலும் ஒட்டாது. பிறகு முட்டையில் மட்டும் எப்படி ஒட்டும்! வேறு யார் செய்தாலும் மலிவுச் சரக்கைத்தான் எடுத்திருப்பார்கள். தொழில் தெரிந்தவள் செய்ததால் வந்த வினை.

"விட்டுடேன் உடும்பு, வேற குஞ்சு வாங்கிக்கலாம்" என்றான் புருஷன். நல்ல மனசோடுதான் சொன்னான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனே செருப்பை மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய், தொட்டாலே கையெல்லாம் ஆகும் மட்டமான சாயமாகப் பார்த்து வாங்கிவந்தான். எண்ணெய் போட்டுப் பழையதை அழித்துவிட்டு, அதே நிறங்களை மறுபடி பூசினாள்.

சனிக்கிழமையும் நீலம் வரவில்லை. ஆனால் கோடுகள் விழுந்தன. வெள்ளையில், சாக்லேட்டில், இரண்டு பழுப்பிலும். கோட்டின் நிறப்படி பழுப்பு இரண்டும் செவலையும் புள்ளியும் போட்டவை. சந்தேகமே இல்லை. அப்படியானால் மொட்டைச்சி உண்மையிலேயே எதுவும் போடுவதில்லையா? வாக்குக் கொடுத்தாயிற்றே. கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒண்ணே ஒண்ணு போடுடி, என் மானத்தைக் காப்பாத்து" என்று கெஞ்சினாள். மொட்டைச்சி வெறுங்கழுத்தை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்ததோடு சரி. பார்லரக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சாயம் மங்கியிருக்கிறதா என்று பார்த்து இன்னொரு தரம் பூசிவிட்டுத்தான் எழுந்தாள்.

ஞாயிறு காலை கறிக்கடைக்காரர் கத்தியோடு கொல்லைக்கு வந்துவிட்டார். வீட்டுக்கார அம்மாவும் இறங்கி வந்தார். "என்னம்மா, காட்டுறேன்னியே?"

பார்லரக்கா வாய் திறப்பதற்குள் ராணி பெட்டியிலிருந்து குதித்து ஊரைக் கூட்டினாள்.

"பாத்தியா? போட்டுட்டா என் ராணி!" வீட்டுக்கார அம்மா குனிந்து நீல முட்டையை எடுத்தார். பெருமையாகத் திருப்பினார். மறுபக்கம் குறுக்கே ஒரு கோடு, அழுத்தமான ஆரஞ்சு.

பார்லரக்கா ராணியைப் பிடித்து வாலைத் தூக்கினாள். பூசிய சிவப்பு கலையாமல் அப்படியே இருந்தது. மொட்டைச்சியைத் தூக்கினாள். ஆரஞ்சு முழுக்கக் கலைந்து ஈஷியிருந்தது. இத்தனை நாளும் மொட்டைச்சி சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போக, ராணி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டுக் கொக்கரித்திருக்கிறாள்!

"அடிப் பாவி!" என்று புருஷன் சிரித்தேவிட்டான்.

கறிக்கடைக்காரருக்குக் கடைக்குத் திரும்பும் அவசரம். "அப்ப போடாதது இதுதானே? குடுங்கம்மா" என்று ராணிக்குக் கை நீட்டினார்.

வீட்டுக்கார அம்மா பாய்ந்து ராணியைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "கையை எடுய்யா! முட்டை போடலன்னா என்ன? தினமும் என் கையில சாப்பிடுறவ இவ. இவளைப் போய் அறுப்பாங்களா?"

"மொட்டைச்சி என் கையிலதாம்மா சாப்பிடுறா" என்றாள் பார்லரக்கா. "புதன்கிழமை நீங்க கேட்டப்ப, நான் இதைத்தாம்மா சொன்னேன்."

அந்த அம்மா அவளையும் பார்க்கவில்லை, மொட்டைச்சியையும் பார்க்கவில்லை. கையிலிருந்த நீல முட்டையைப் பார்லரக்காவிடம் நீட்டினார். "நீ போய்யா" என்று கறிக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ராணியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.