பிளம் ரிட்ஜ் பள்ளியின் பொய்க்கல்யாணம்

பிளம் ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்காத பாடம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. லத்தீன் உண்டு, அல்ஜீப்ரா உண்டு. தட்டச்சு, சுருக்கெழுத்து, பேண்டு வாத்தியம், பன்றி வளர்ப்பு, கார் ஓட்டுவது, எல்லாம் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நாலு பக்கமும் சோளக்காடாகக் கிடக்கிற ஊரில் லத்தீனை யாரோடு பேசப்போகிறோம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஆண்பிள்ளைகளுக்குத் தச்சுப் பட்டறையும் பெண்பிள்ளைகளுக்கு மனையியலும் கட்டாயம். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

மனையியல் வெர்னா ஆஸ்டர்கார்டின் வகுப்பு. 'ஆப்பிள் பை' பலகாரத்துக்கு மாவு பிசைவது, சட்டைக் காலர் திருப்பித் தைப்பது, ரப்பர் பொம்மையைத் தொட்டியில் போட்டுக் குளிப்பாட்டுவது, வேலை முடிந்து சிடுசிடுவென்று வருகிற புருஷனிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பது வரைக்கும் அவள் சொல்லிக்கொடுத்தாள். ஊரில் பாதி மனைவிமார் அவள் கையில் தேறி வந்தவர்கள். வெர்னாவுக்கு மட்டும் வீடும் இல்லை, புருஷனும் இல்லை. ஒரு விதவையம்மாள் வீட்டு மாடியில், அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஓர் அறையில் இருந்தாள்.

காரணம், பள்ளிக் குழுவின் விதி. ஆசிரியைக்குக் கல்யாணமானால் அன்றோடு வேலை போய்விடும். ஆண் வாத்தியார்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், அதற்கு விதி கிடையாது. குடித்தனம் நடத்தக் கற்றுக்கொடுக்கிறவள் குடித்தனம் நடத்தக் கூடாதாம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவள் வகுப்புக்கு எதிர்த்தாற்போல் தச்சுப் பட்டறை. அங்கே லூமிர் ஹாவ்லிக் வாத்தியார். அதிகம் பேசாத மனிதர். சட்டைப் பையில் எப்போதும் பென்சிலும் மரத்தூளும் இருக்கும். அவளுடைய நாற்காலிக் கால் ஆடுகிறது என்று சரிசெய்ய வருவார், மறுவாரம் அதே நாற்காலி மறுபடியும் ஆடும். கல்யாணம் என்று இருவரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்து வருஷங்கள் ஓடிவிட்டன. விதி மாறட்டும் என்று காத்திருந்தார்கள்.

"என் சம்பளம் ரெண்டு பேருக்குப் போதும் வெர்னா, வேலைய விட்டுடேன்" என்பார் லூமிர்.

"நான் சம்பளத்துக்கா போறேன்? அந்தப் பொண்ணுங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன் சொல்லு?"

அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அது பேராசை இல்லையே, பாவம்.

இனி அந்தப் பொய்க்கல்யாணத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் மே மாதம் கடைசி வகுப்புப் பெண்களுக்கு அதுதான் பரீட்சை. கவுன் தைப்பது, மூன்றடுக்கு கேக் செய்வது, பந்தி பரிமாறுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மணமக்கள் கீழே நிற்பதற்கு, பட்டறையில் மரத்தில் செய்துவைத்த மண வளைவைப் பையன்கள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மணப்பெண் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். ஊரே உடற்பயிற்சிக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் மணப்பெண் 'சரி' என்று சொல்லக் கூடாது. கடவுள் பேரால் சொல்கிற வார்த்தை விளையாட்டுப் பொருளா என்று பாதிரியார் ஆரம்பத்திலேயே முறைத்துவிட்டார். அதனால் 'இவரைக் கட்டிக்கொள்கிறாயா?' என்று கேட்டதும், "ஐயோ, மணி அடிச்சிருச்சு! எனக்கு வகுப்பு இருக்கு!" என்று கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த வசனத்தைக் கண்டுபிடித்தவளே வெர்னாதான்.

1951-ல் சீட்டு விழுந்தது லவோன் என்ற நெட்டைப் பெண்ணுக்கு. கல்யாணத்தன்று காலையில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் உப்பிப் படுத்துவிட்டாள்.

"மிஸ், அந்த கவுனு உங்களுக்குத்தான் பொருந்தும். எங்களையெல்லாம் அதுக்குள்ள போட்டா கூடாரம் அடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள் டார்லீன். வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அவள்தான்.

"போடி, உளறாத. எனக்கென்ன வயசு?"

"வயசுக்கா தைச்சோம்? உயரத்துக்குத்தானே தைச்சோம்!"

கடைசியில் வெர்னா கவுனைப் போட்டுக்கொண்டாள். மிஸ் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று மாப்பிள்ளைப் பையன் ஓடியே போய்விட்டான். பெண்கள் சும்மா இருப்பார்களா? பட்டறைக்குள் புகுந்து லூமிரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

தையல் அறையில் இருவரும் தனியே நிற்க ஒரு நிமிஷம் கிடைத்தது.

"இன்னைக்குச் சரின்னு சொல்லிடு வெர்னா" என்றார் லூமிர். "நிஜமாவே சொல்லு. ஊரே உக்காந்திருக்கு. அப்புறம் எவன் என்ன சொல்லிடுவான்?"

"என் வேலை?"

"போகட்டுமே. அங்க மேற்கே ஓரிகன்ல எங்க அண்ணன் மரப்பட்டறை வெச்சிருக்கான், வான்னு கூப்பிடறான். ஜூன்ல கிளம்பறேன். ரெண்டு பேரா போறதா, ஒத்தையா போறதா, நீதான் சொல்லணும்."

"என்னை மிரட்டறியா?"

"சேச்சே. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போச்சும்மா எனக்கு. அவ்வளவுதான்."

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மண வளைவு நின்றது. பேண்டு வாசித்தது. பாதிரியார் வேஷம் போட்ட பையன் கேட்டதும், லூமிர் சிரிக்காமல், மெதுவாக, "சரி" என்றார். அடுத்து அவள் முறை.

வெர்னா சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தாள். வாயையும் திறந்தாள். அதற்குள் முன்வரிசையிலிருந்து பள்ளிக் குழுத் தலைவர் பென்ரோஸ் தொப்பையைக் குலுக்கிக்கொண்டு, "பாத்து மிஸ்! சரின்னு சொல்லிட்டீங்கன்னா திங்கக்கிழமை நான் வேற ஆளத் தேடணும்!" என்று கத்தினார். கூடம் அதிரச் சிரிப்பு. பெஞ்சில் அவளுடைய பெண்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்த வசனம்தான்.

"ஐயோ, மணி அடிச்சிருச்சு" என்றாள் வெர்னா. "எனக்கு வகுப்பு இருக்கு."

கவுனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த மாதிரி ஒரு சிரிப்பு அந்தக் கூடத்தில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கவுனுக்குப் பொத்தான் எல்லாம் முதுகுப் பக்கம், அவளுக்குக் கை எட்டவில்லை. டார்லீன் வருகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

"என்னமா நடிச்சீங்க மிஸ்! அட, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணியே வந்திருச்சா?"

"ஆமாண்டி. பொத்தானக் கழட்டு."

வெளியே லூமிர் எல்லோரோடும் நின்று கேக் சாப்பிட்டார், மண வளைவைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். ஜூனில் கிளம்புமுன் அவளிடம் வந்து, "அந்த வளைவுக்கு வருஷம் ஒரு தடவை எண்ணெய் தடவு, இல்லேன்னா விரிசல் விட்டுடும்" என்று மட்டும் சொன்னார். அவளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வாத்தியார்களுக்குப் பஞ்சம் வந்து, இரண்டு வருஷத்தில் விதியை எடுத்துவிட்டார்கள். பென்ரோஸே நேரில் வந்து, "இனிமே தாராளமா கட்டிக்கலாம் மிஸ்!" என்று கண்ணடித்தார். அவள் நன்றி சொன்னாள். அந்த ஈஸ்டருக்குத்தான் லூமிர் ஓரிகனில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார் என்று ஊருக்குள் செய்தி வந்திருந்தது.

அடுத்த மே மாதம் வெர்னா வசனத்தை மாற்றினாள். மணப்பெண் 'சரி' என்றே சொல்லட்டும் என்றாள். பாதிரியார் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன மிஸ் இது? அது விளையாட்டுக்குச் சொல்ற வார்த்தையா?"

"விளையாட்டுக்குச் சரின்னு சொல்லி யாரும் கெட்டுப்போகல ஐயா. நான் விளையாட்டுக்குத்தான் மாட்டேன்னு சொன்னேன்" என்றாள் வெர்னா.

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷத்து மணப்பெண், எண்ணெய் தடவி மினுமினுத்த வளைவுக்குக் கீழே நின்று, கூடமே கேட்கும்படி "சரி" என்றாள். பின்னால் கேக் கத்தியோடு நின்றிருந்த வெர்னாவின் உதடும் கூடவே அசைந்தது.