செவலை சாகக் கூடாத பத்து நாள்

செல்லக்கனியக்காவுக்கு நாய்கள் என்றால் உயிர் என்று திரேஸ்புரம் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். சுத்தப் பொய். அவளுடைய விறகுக்கடைக்கு எதிர் மாடியில் பல வருஷம் குடியிருந்தவன் நான். சரக்கு ஏற்றி இறக்கும் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. காலையில் ஜன்னலைத் திறந்தால் அக்காவின் தராசும் அக்காவின் வாயும்தான் எனக்குத் தரிசனம். ஒரு நாயையாவது அவள் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. காலைச் சுற்றி வந்தால், "அங்கன போய்க் கெட சனியனே" என்று விரட்டுவாள். ஆனால் அவளால் பிழைத்த நாய்களைப் போல அந்த வட்டாரத்தில் வேறு யாராலும் பிழைத்ததில்லை. இதுவும் உண்மை.

கடையின் பின்சுவரை ஒட்டி முனிசிபாலிட்டியின் நாய்க் கொட்டடி இருந்தது. தகரக் கூரை, கம்பிக் கதவு, உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி. சோறு கிடையாது. எழுபதுகளில் புதுத் துறைமுக வேலைக்கு வெளியூர் ஆட்கள் வந்து குவிந்தபோது மெஸ்ஸுகள் பெருகின, எச்சில் இலைகள் பெருகின, கூடவே நாய்களும் பெருகின. கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாயைப் பிடித்து வந்து இங்கே அடைப்பார்கள். மூன்றாம் நாளுக்குள் யாராவது வந்து என்னுடையது என்று சொல்லி அழைத்துப் போகலாம். வராவிட்டால் குடல் கறியில் மருந்தைப் பிசைந்து வைத்துவிடுவார்கள். மருந்து என்றுதான் எல்லோரும் சொல்வோம். விஷம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை.

பிடிப்பதும் வைப்பதும் பேச்சிமுத்துவின் வேலை. ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். மருந்து வைத்த அன்று விறகுக்கடை முன்னால் வந்து நின்று கை கழுவத் தண்ணீர் கேட்பார். அக்கா ஊற்றுவாள், திட்டிக்கொண்டே ஊற்றுவாள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா இந்த விஷயத்தில் நுழைந்தது கருணையால் அல்ல, மத்தியானத் தூக்கத்தால். சாப்பிட்டபின் அவளுக்குக் கொஞ்ச நேரம் கண்ணயர வேண்டும். பட்டினி கிடக்கிற நாய்களின் ஊளை விடவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து போய், லாரி ஷெட் பக்கத்தில் மெஸ் வைத்திருந்தவரைப் பிடித்துக்கொண்டாள். தினமும் கொட்டுகிற சோற்றில் ஒரு நாய் வளர்க்கலாமே, வந்து கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்டாள். கேட்டாள் என்று நான் மரியாதையாக எழுதுகிறேன். அந்த மனிதர் அன்று மாலையே வந்து ஒரு நாயை இழுத்துப் போனார். அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

அவளுடைய முறை வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. அப்போது கேஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எந்த வீட்டில் எத்தனை பேருக்கு உலை கொதிக்கிறது என்பது விறகு விற்கிறவளுக்கு அத்துபடி. நிறைய விறகு எரிகிற இடத்தில் நிறையச் சோறு வேகும். நிறையச் சோறு வேகிற இடத்தில் மிச்சம் இருக்கும். அங்கே ஒரு நாய் பிழைக்கும். இதுதான் அவள் கணக்கு. தராசில் உடைமர விறகை அடுக்கும்போதே வாங்க வந்தவரின் தலையில் ஒரு நாயையும் கட்டிவிடுவாள். கல்யாணச் சமையல்காரர்கள், தோணியில் ஆக்கிப் போடும் பண்டாரிகள், உப்பளத்தில் கூலியாட்களுக்குப் பொங்குகிறவர்கள் என்று யாரும் தப்பவில்லை.

ஆசைப்பட்டுக் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் இசபெல்லா டீச்சர் தனியாக இருந்தார். கொட்டடியிலிருந்த ஒரு வெள்ளைக் குட்டியை வளர்க்கட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டார். வாரத்துக்கு ஒரு சின்னக் கட்டு விறகு வாங்குகிறவர் அவர்.

"பிரியத்த வச்சு நாய் என்ன செய்யும் டீச்சர்? மிச்சம் இருக்கா, அதச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

டீச்சர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மனுஷர் அன்பைக்கூட விறகுத் தராசில் வைத்து நிறுக்கிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. குட்டி ஒரு மெஸ்ஸுக்குப் போய், பார்த்தால் அடையாளம் தெரியாதபடி கொழுத்தது. அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கணக்கு ஒரே ஒரு முறை பிசகியது. கடற்கரையில் நயினார் என்பவர் ஒரு வளவு, சுற்றி வேலி அடைத்த இடம், வாடகைக்கு எடுத்திருந்தார். வந்த புதிதிலேயே வண்டி வண்டியாக விறகு வாங்கினார். இவ்வளவு விறகு எரிகிற இடத்தில் ஒரு பட்டாளமே சாப்பிடும் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். என்ன சமையல் என்று கேட்கவில்லை. காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று நயினாரும் சொன்னார். கொட்டடியில் பேச்சிமுத்து மருந்து வைத்துக்கொண்டிருந்த காலை நேரத்தில் போய், இன்னும் வாய் வைக்காமல் மூலையில் கிடந்த ஒரு செவலை நாயை வெளியே இழுத்து அவரிடம் ஒப்படைத்தாள்.

நயினார் அவித்தது சோறு அல்ல, கடலடி மணலில் வெள்ளரிக்காய் போலக் கிடக்கும் கடல் அட்டை. சிங்கப்பூருக்கு அனுப்ப அண்டா அண்டாவாக அட்டையை அவித்து, மணலில் காயவைப்பது அவர் தொழில். வேலைக்கு வருகிறவர்கள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்து, குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அட்டைக் குடலை நாய் மோந்துகூடப் பார்க்காது. செவலை அங்கே விலா எலும்பு தெரிய இளைத்தது. நயினார் கெட்டவர் அல்ல. நாய்க்கு யாராவது போடுவார்கள் என்று அவர் நினைத்தார். எல்லோரும் அப்படியே நினைத்தார்கள்.

பேச்சிமுத்துவின் மகள் சந்தனமாரி அப்போது தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். பொரித்த மீன் தின்ன ஆசைப்பட்டு, காகிதப் பொட்டலத்தில் வாங்கிக் கையில் பிடித்தபடி நயினார் வளவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். செவலை பாய்ந்து பொட்டலத்தைப் பிடுங்கியது. பொட்டலத்தோடு அவள் கையிலும் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது.

தெருவே கம்போடு கிளம்பியது. பேச்சிமுத்து எங்கிருந்தோ ஓடி வந்து நாயைச் சுருக்குப் போட்டு இழுத்து, கொட்டடிக்குள் எறிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வரும்வரை காத்திருக்கும் பொறுமை கூட்டத்துக்கு இல்லை. கம்பிக் கதவை உடைக்கப் பார்த்தார்கள். அக்கா ஒரு விறகுக் கட்டையோடு கதவை மறித்து நின்றாள். அது உத்தியோகஸ்தன் வேலை, உங்களுக்கு என்ன வந்தது என்று அவள் கத்தினாளே தவிர, குரலில் வழக்கமான தெம்பு இல்லை. அந்த நாயை அனுப்பியது தான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவச் சொல்லிவிட்டு, முதலில் கேட்டது நாயைப் பற்றித்தான். உயிரோடு இருக்கிறதா, அடித்துவிட்டீர்களா என்று கேட்டார். நாய் பத்து நாள் தின்று குடித்து நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை, இந்தப் பெண்ணுக்கும் பயமில்லை. நாய்க்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே வயிற்றில் ஊசி ஆரம்பித்தாக வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அந்த ஊசியைப் போட எனக்கு மனசு வரவில்லை, அதனால் கை கால் விழுகிற ஆபத்தும் உண்டு என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

பேச்சிமுத்து சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார். கொல்லத்தான் வருகிறார் என்று கூட்டம் வழிவிட்டது. அவர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"யாரும் தொடாதீங்க. அது சாகக் கூடாது" என்றார்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் எபனேசர், மூன்று நாள் கெடுவைத் தாண்டக் கூடாது என்று சட்டம் பேசுகிற ஆள். ஆனாலும் பத்து நாள் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லி உதவி செய்தார். அன்று மாலை பேச்சிமுத்து கசாப்புக் கடையில் நல்ல கறியாக வாங்கி, வீட்டில் வேகவைத்துக் கொண்டு வந்தார். செவலை பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் மீன் கொண்டு வந்தார். பாலும் வாங்கி வந்தார். எலும்பும் தோலுமாய் இருந்த நாய் எதையும் தொடவில்லை. தண்ணீர்த் தொட்டியை அவர் கழுவி நிரப்பினார். அவர் நின்ற நேரமெல்லாம் அது தண்ணீரையும் தொடவில்லை.

தின்னாது, குடிக்காது. வெறி பிடித்த நாயின் லட்சணம் அதுதான் என்று அவர் எத்தனையோ தடவை மற்றவர்களுக்குச் சொன்னவர். விறகுக்கடைக்கு வந்து ஒரு அடிக்கட்டையில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வேன் என்று மட்டும் கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். 

அக்கா அதற்குள் நயினார் வளவுக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பேச்சிமுத்துவின் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னுது. வெறகப் பாத்தேன், ஒலையப் பாக்கல. பசியிலதான் ஒம் மவளக் கடிச்சிருக்கு" என்றாள். அவள் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். 

அவள் உள்ளே போய்த் தன் மத்தியானச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு சட்டியில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கொட்டடிக்குள் போனாள். நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். செவலை கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தது. பிறகு நகர்ந்து நகர்ந்து வந்து தண்ணீரைக் குடித்தது. சட்டி காலியாகும்வரை குடித்தது. அப்புறம் சோற்றில் வாய் வைத்தது. தின்ற வேகத்தில் சட்டி தரையில் உருண்டது.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. பேச்சிமுத்து மட்டும் அசையவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மருந்து வச்ச அன்னைக்கு மத்ததெல்லாம் எங் கையாலதான் தின்னுச்சு. இது பாத்துக்கிட்டே கெடந்துச்சுக்கா" என்றார்.

மிச்ச நாட்களுக்குச் சோறு பேச்சிமுத்து வீட்டிலிருந்துதான் வந்தது. சந்தனமாரிதான் ஆக்கினாளாம். பேச்சிமுத்து கதவு வரை கொண்டு வந்து அக்கா கையில் கொடுத்துவிட்டு, நாய் கண்ணில் படாமல் விறகு அடுக்குக்குப் பின்னால் நின்று அது தின்பதைப் பார்ப்பார். பத்து நாள் முடிந்து டாக்டர் பயமில்லை என்று சொன்ன அன்று, அந்த மனிதர் சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். செவலை ஒரு கல்யாணச் சமையல்காரர் வளவுக்குப் போனது. இந்தத் தடவை அக்கா நேரில் போய் உலையைப் பார்த்துவிட்டு வந்துதான் அனுப்பினாள். சந்தனமாரிக்கு ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

அதற்குப் பிறகு அக்காவும் பேச்சிமுத்துவும் சேர்ந்தே வேலை செய்தார்கள் என்று சொல்லலாம். நாய் பிடிபட்ட அன்றே அவர் கடையில் வந்து சொல்லிவிடுவார். வெறிநாய் என்று உறுதியானால் மருந்து வைக்கத்தான் வேண்டியிருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. மற்றபடி கொட்டடியிலிருந்து நாய்கள் நடந்தே வெளியேறின. கேட்டு வருகிறவர்களை எபனேசரே விறகுக்கடைக்கு அனுப்பும் அளவுக்கு வந்தது. டீச்சருக்கும் ஒரு நாய் கிடைத்தது. அவருக்காக அக்கா பக்கத்து மெஸ்ஸில் மிச்சச் சோறு சொல்லி வைத்திருந்தாள். அதற்கு டீச்சரிடம் நன்றி எதிர்பார்க்காமல், சோற்றை நேரத்துக்குப் போய் வாங்கவில்லை என்று சண்டைதான் போட்டாள்.

இந்த மாற்றமெல்லாம் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செவலை போன பிறகு பிடிபட்ட நாய்களுக்கு அன்று மூன்றாம் நாள். அழைத்துப் போக ஆள் வரவில்லை. நான் விறகு எடுக்கக் கடையில் நின்றிருந்தேன். பேச்சிமுத்து ஒரு வாளியில் குடல் கறியோடு வந்தார். அக்கா வாளியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மருந்து?"

"கலக்கல. நீங்க வந்து போடுங்கக்கா. எங் கையால வேண்டாம்."

"நீயே போடு" என்று சொல்லிவிட்டு அவள் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார், மறுபடி தூக்கினார். பிறகு உள்ளே போய்க் கறியைப் பங்கிட்டு வைத்தார். அந்த நாய்களுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றன. அவர் வெளியே வராமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கறுப்பு நாய் தின்று முடித்துச் சுவரோரம் போய்க் காலை நீட்டிப் படுத்தது. பேச்சிமுத்து பதறிப்போய் எழுந்து, "ஏய், ஏய்" என்று தரையைத் தட்டினார். நாய் தலையைத் தூக்கியது. எழுந்து சாவகாசமாக நடந்து வந்து, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று அவர் கையை மோந்து பார்த்தது. தன் கையால் தின்ற ஒரு நாய் எழுந்து நடப்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.