ஓரியனுக்காக அணைத்த விளக்குகள்

சில நட்சத்திரங்களைக் கூடுதலாக எண்ணுவதற்காக ஒரு தெருவையே இருட்டாக்கும் உரிமையை எங்களுக்கு யார் கொடுத்தார்கள்? பட்டம் வாங்கிய பிறகும் இதற்குப் பதில் தேடிக் களைத்திருக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் நானும் இரண்டு தோழிகளும் வானியல் செயல்திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். தெருவிளக்கு எரியும்போது ஓரியன் கூட்டத்தில் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன, அணைத்தால் எத்தனை என்று ஒப்பிட வேண்டும். நெய்வேலியின் வானம் எப்போதும் வெளிறியே இருக்கும். சுரங்கத்தின் வெளிச்சத்தையும் அனல்மின் நிலையத்தின் வெளிச்சத்தையும் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் குடியிருப்பு பிளாக்கின் தெருவிளக்குகளை மட்டும் அணைக்க முடியும்.

நேரத்தைக் கவனமாகத்தான் தேர்ந்தெடுத்தோம். மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஷிப்ட் முடியும், இரவு பத்துக்கு அடுத்தது. ஆகவே ஏழரை மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது என்று நோட்டில் எழுதியே வைத்தோம். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு ஊரின் நடமாட்டம் என்பது ஷிப்ட் பஸ்தான்.

விளக்குகளை அணைத்துத் தரக் கேட்டபோது லைன்மேன் முதலில் தயங்கினார். "அரை மணி நேரந்தான் பாப்பா. யாராவது கேட்டா ஃபியூஸ் போயிடுச்சுன்னு சொல்லிக்கறேன்," என்றார்.

விளக்குகள் அணைந்தன. மங்கலான விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தெரிய, எண்ணத் தொடங்கினோம். முடிப்பதற்குள் சிறுபாலத்தின் அருகே சைக்கிள் விழும் சத்தம் கேட்டது.

விழுந்தவர் எங்கள் பிளாக்கைப் பெருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி அக்கா. காலையில் தெரு, மாலையில் இரண்டு வீடுகளில் பாத்திரம். அதை முடித்துவிட்டு மந்தாரக்குப்பத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்கு ஷிப்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

"ஊருக்கெல்லாம் கரன்ட் குடுக்கறீங்க, உங்க தெருவுல கரன்ட் இல்லியா?" என்று சிரித்தபடி எழப் பார்த்தார். வலது கையை ஊன்ற முடியவில்லை.

"நாங்கதான் அணைக்கச் சொன்னோம்க்கா. ஸ்டார் பாக்கறதுக்கு."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுக்கா."

"சரி வுடு. வலி கெடக்குது பாப்பா. பத்து நாள் போவலைன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்குவாரு. அதான் பயமாக்கீது."

அப்பா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். மணிக்கட்டு முறிந்திருந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள். மறுநாள் மூவரும் மேஸ்திரியைத் தேடிப் போய், தவறு எங்களுடையது, அவர் இடத்தை வைத்திருங்கள் என்று கேட்டோம்.

"அதுவரைக்கும் நீங்க மூணு பேரும் தொடப்பம் புடிக்கறீங்களா?" என்றார் அவர்.

நாங்கள் வீடு திரும்பினோம். பிடிக்கிறோம் என்று ஏன் சொல்லவில்லை என்பதை அன்றும் யோசித்தேன். பள்ளியில் அந்தச் செயல்திட்டத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. எங்கள் அட்டவணையில் வெளிச்சத்துக்கு ஒரு பத்தியும் இருட்டுக்கு ஒரு பத்தியும் இருந்தன. விழுந்தவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது எங்கள் பிளாக்கை வேறொருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஒரு வீட்டுப் பாத்திர வேலை மட்டுமே மிஞ்சியது. அதன்பின் பள்ளி முடியும்வரை, நாங்கள் எரியும் விளக்குகளுக்குக் கீழேயே வானத்தைப் பார்த்தோம்.