ஹெனாரோ பேசும் நேரம்

சொராய்தா மாய்சோனெட் மருத்துவமனையின் சலவைக்கூடத்திலிருந்து வீடு திரும்ப நாலரை ஆகிவிடும். செருப்பைக் கழற்றினால் கால் இரண்டும் புளித்த மாவு மாதிரி பொங்கி இருக்கும். காப்பியை ஊற்றிக்கொண்டு வானொலிப் பெட்டியின் முன்னால் உட்காருவாள். அது கேட்பதற்கு மட்டுமான பெட்டி இல்லை, பேசவும் செய்யலாம். அதற்கான உரிமம் அவளிடம் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறது.

பேசுவதற்கு முன் மூன்று முறை கேட்பாள்: "இந்த அலைவரிசையில யாராவது பேசிட்டு இருக்கீங்களா?" கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறக் கூடாது என்பதால் எல்லா உரிமக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு உட்வாதோ மலையின் பதினொரு வீடுகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். புயல் வந்து தொலைபேசிக் கோபுரங்களைச் சாய்த்த வருடத்தில் தொடங்கியது இது. கோபுரங்களை மறுபடி நட்டார்கள். ஆனால் சில மலைமடிப்புகளுக்குத் தொலைபேசி இன்னும் எட்டவில்லை, ஆகவே அவளும் நிறுத்தவில்லை.

கடைசியாகக் கூப்பிடும் பெயர் டோன் ஹெனாரோ. பெரியவர்களை ஆணானால் டோன், பெண்ணானால் டோன்யா என்பது அந்தப் பக்கத்து மரியாதை. ஐந்து மணிக்கு அவர் மனைவி பெத்ராவின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பார். ஐந்து பத்துக்கு அந்த எண்ணை வானொலியில் சொல்வார். சொராய்தா எழுதிக்கொண்டு போய் மறுநாள் காலை மருத்துவமனைத் தாதியிடம் கொடுப்பாள். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் தாதி சொல்வாள். அது மாலையில் அவரிடம் போய்ச் சேரும். பெத்ராவின் உடம்பு அந்த ஐந்து பத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியது.

ஜனவரியிலிருந்து சரியாக அந்த நேரத்தில் ஒரு கரகரப்பு வந்து விழுந்தது. தகரத்தின் மேல் சரளைக்கல்லைக் கொட்டி இழுப்பதுபோல் இருக்கும். ஹெனாரோவின் பெட்டி சிறியது, கார் மின்கலத்தில் ஓடுவது. அவர் குரல் அதற்கடியில் காணாமல் போய்விடும்.

"என்ன சொன்னீங்க டோன் ஹெனாரோ? திரும்பச் சொல்லுங்க."

நான்கு தடவை சொல்வார். நான்கும் போகும். ஒரு வாரத்தில் மூன்று நாள் எண் கிடைக்கவில்லை. "இன்னைக்கும் வெறுங்கையா?" என்று தாதி கேட்டபோது சொராய்தா தரையைப் பார்த்தாள்.

அந்தக் கரகரப்பு மனிதன் எழுப்புவது இல்லை என்று அவளுக்குத் தெரியும். கடலில் போகும் படகுக்காரர்கள் வானொலி வழியாகக் கடிதம் அனுப்புவார்கள். கரையில் ஒரு கணினி ஆளில்லாமல் தானாகவே அதற்குப் பதில் கொடுக்கும். முடிக்கும்போது ஐந்து விநாடிக்கு மோர்ஸ் ஒலியில் தன் அடையாளத்தைச் சொல்லிவிட்டு அடங்கும். குழுவில் மோர்ஸ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பென்சிலை வைத்துக்கொண்டு நான்கு மாலை காத்திருந்து எழுத்துகளைப் பிடித்தாள். உரிமப் பட்டியலில் தேடியபோது, ஃபஹார்தோ துறைமுகத்தில் நோயல் சின்ட்ரோன் என்பவருடைய நிலையம் அது. இரண்டு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

"பேசாம நாம வேற அலைவரிசைக்குத் தள்ளிப் போயிடலாமே," என்றாள் கடை வைத்திருக்கும் ப்ரூனில்தா. "ஒரு திருகு திருகினா முடிஞ்சது. நீ ஏன் அந்த மெஷின்கூட மல்லுக்கட்டுற?"

சொராய்தா பேச்சை மாற்றினாள். ஹெனாரோவின் பெட்டியில் திருகும் குமிழ் புயலன்று உடைந்துபோயிருந்தது. அந்த ஒரே அலைவரிசையில்தான் அது பேசும், கேட்கும். வேறு பெட்டி வாங்க அவரால் முடியாது, யாராவது கொடுத்தாலும் வாங்கமாட்டார். தன் ஒருவனுக்காகத்தான் பத்து வீடும் அங்கே நிற்கின்றன என்று தெரிந்தால் மறுநாளே வாயை மூடிக்கொள்வார். ஆகவே அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தாள். அன்றைய அழைப்பை ப்ரூனில்தாவிடம் ஒப்படைத்துவிட்டு, பலர் சேர்ந்து போகும் பங்கு வண்டியில் கிளம்பினாள். மூன்று வண்டி மாறி, முழங்காலை மடக்கியே உட்கார்ந்து, நோயல் வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி நாலேமுக்கால்.

அவர் கெட்டவராக இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஓய்வு பெற்ற மின் பணியாளர். நாற்காலி போட்டார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்.

"உங்க கடிதம் வந்துச்சு, டோன்யா. எல்லாப் பக்கமும் எனக்குத் திட்டுக் கடிதம்தான். ஆனா என் மெஷின் முரடு இல்ல. காலியா இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கும்."

"கேக்குதுங்களா?"

"உக்காருங்க. நீங்களே பாருங்க."

ஐந்து மணி ஆனது. அவர் பெட்டியில் ப்ரூனில்தாவின் குரல் தெளிவாக வந்தது. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். மெஷினில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. "பாத்தீங்களா, காத்துக்கிட்டு நிக்குது," என்றார் நோயல்.

ஐந்து பத்து. "டோன் ஹெனாரோ, சொல்லுங்க," என்றாள் ப்ரூனில்தா.

பிறகு ஒன்றும் இல்லை. துறைமுகத்து மின்கம்பிகளின் இரைச்சல் மட்டும். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. எங்கோ ஒரு படகு கூப்பிட, மெஷின் கரகரவென்று பதில் சொல்லத் தொடங்கியது.

"காலியா இருந்துச்சு, அதான்," என்றார் நோயல்.

"காலியா இல்லீங்க," என்றாள் சொராய்தா. "இப்ப அவர் பேசிட்டு இருக்கார். அவரோட சின்னப் பெட்டி இவ்வளவு தூரம் எட்டாது."

நோயல் பெட்டியைப் பார்த்தார். கரகரப்பு ஓய்ந்ததும் ப்ரூனில்தா வந்தாள். "போச்சு டோன் ஹெனாரோ, எண்ணு போச்சு. திரும்பச் சொல்லுங்க." மறுபடி அதே வெறுமை. மறுபடி பச்சை.

அவர் எழுந்து கையாலேயே மெஷினை அணைத்தார்.

"நீங்க கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாமே, டோன்யா."

அப்போதுதான் அவள் உடைந்த குமிழைப் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அவர் காதுக்குப் போகக் கூடாது," என்றாள்.

"யார் சொல்லப் போறா? என்கிட்ட யாரு பேசுறாங்க," என்றார் அவர். படகுக்காரர்களுக்கு அறிவிப்பு எழுத உட்கார்ந்தார். ஐந்து முதல் ஐந்தரை வரை நிலையம் மூடியிருக்கும். எழுதிக்கொண்டே, "இதுக்கும் நாளைக்குத் திட்டு வரும்," என்றார்.

திரும்பும் வழியில் கடைசி வண்டி கிடைக்கவில்லை. பாதித் தூரம் ஒரு வாழைக்காய் லாரியில் வந்தாள்.

ஆறு வாரம் நன்றாகப் போனது. ஏழாவது வாரத்தில் ஐந்து பத்துக்குக் கரகரப்பு மறுபடி வந்தது. இது வேறு சுருதி. சொராய்தா கொஞ்ச நேரம் நெற்றியை மேசையில் வைத்திருந்தாள். பிறகு பென்சிலைச் சீவி எழுத்துகளைப் பிடித்து நோயலைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஃப்ளோரிடாக்காரன். எனக்குத் தெரிஞ்சவன்தான்," என்று அவர் பெருமூச்சு விட்டார். "என் படகெல்லாம் அந்த அரைமணி அவன்கிட்ட போயிடுச்சு. நான் பேசுறேன். நீங்க காலை நீட்டிக்கிட்டு உக்காருங்க."

ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் ஐந்து எண் மட்டுமே கிடைத்தது. பத்தாவது நாள் அவள் மூன்று முறை கேட்டாள், காத்திருந்தாள், பெயர்களைக் கூப்பிட்டாள். ஐந்து பத்துக்கு, காய்ந்த இலை நகர்வது போன்ற குரல் வந்தது.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு. பெத்ரா சூப்பு குடிச்சா, இப்ப என்னைத் திட்டிட்டு இருக்கா. கேக்குதா டோன்யா?"

"கேக்குது, டோன் ஹெனாரோ," என்றாள். எண்ணை எழுதி, கீழே கோடு இழுத்து, பென்சிலைச் சீவி அதன் பக்கத்திலேயே வைத்தாள்.