பொங்கலன்று மறைத்த தேதி

அக்காவின் இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்துவிட்டது. ஆரம்ப நிலை. ஒரே இடத்தில் இருந்தால் கட்டியை மட்டும் எடுக்கலாம், பரவியிருந்தால் மார்பையே எடுக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. "மாரு போயிட்டா எப்டிடீ ரவிக்கை போடுவேன்?" என்று என்னிடம் மட்டும் கேட்டு அழுதாள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த சமயம் அது. அக்காவின் கணவர், மாமா, தாலுகா ஆபீஸ் வாசலில் கொடியோடு உட்கார்ந்திருந்தார். அதனால் ஸ்கேனுக்கு நாள் குறிக்க, சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அவளை அழைத்துப் போனது அவள் மாமியாரும் நானும்தான்.

"கடைசியா எப்ப தூரமானீங்க?" என்று கேட்டாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "ஊசியில மருந்து ஏத்துவோம். ரத்தம் ஜாஸ்தி ஓடற எடம் வெள்ளையா தெரியும். தூரமாயி ரெண்டாவது வாரம்னா மார்ல ரத்த ஓட்டம் கம்மி, கெட்டது மட்டும் தனியா தெரியும். மத்த நாள்ல எல்லாமே வெளுத்துக்கினு நிக்கும்."

அக்கா மாமியாரைப் பார்த்தாள். பிறகு ஒரு தேதி சொன்னாள். பொய்த் தேதி.

உண்மையில் அவள் தூரமானது பொங்கலன்று காலையில். சொன்னால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாளில் தீட்டென்று தோட்டத்துக் கொட்டகையில் உட்கார வேண்டும். மறைத்துவிட்டுப் பானையும் வைத்தாள், படையலும் போட்டாள். மாமியாருக்குச் சந்தேகம் வராமல் இருக்க, பத்து நாள் கழித்து, ஒன்றுமே இல்லாமல் மூன்று நாள் கொட்டகையில் உட்கார்ந்தாள். "ராணியாட்டம் ஒக்காந்துக்கினு இருக்கேன்டீ, சோறு தேடி வருது" என்று போனில் சிரித்தாள். கூடச் சிரித்தவள்தான் நான். அந்த ஸ்கேன் பெண் முன்னால் எனக்கும் வாய் இருந்தது. திறக்கவில்லை, பாவி.

கொட்டகைத் தேதியிலிருந்து எண்ணிக் குறித்த நாளில் எடுத்த படத்தில் மார்பு முழுக்க வெள்ளை. எது நோய், எது உடம்பு என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த மாதம் சரியான வாரத்தில் வரச் சொன்னார்கள். போகவேண்டிய நாளில் சாலை மறியல், பஸ் ஓடவில்லை. அதற்குமேல் தள்ளிப்போட டாக்டர் சம்மதிக்காமல் மார்பை எடுத்துவிட்டார்.

எடுத்ததைச் சோதித்துப் பார்த்தார்கள். கட்டி ஒரே இடத்தில், வேர்க்கடலைப் பருப்பு அளவுக்குத்தான் இருந்ததாம்.

அக்கா வீட்டுக்கு வந்த வாரம், அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. அவ துணி அலசனத பாத்தேன். நல்ல நாள்ல ஒக்கார வெக்க எனக்கும் மனசு வரல. ஸ்கேன் எடுக்கற எடத்துல சொன்னா, தெரிஞ்சே பானை வெக்க உட்டேன்றது வெளிய வந்துடும்னு கம்முனு இருந்துட்டேன்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மூணு பேரு போனமே" என்றாள்.